சோற்றுக்கற்றாழையை அழுகவிடாமல் வளர்க்கும் முறை

சோற்றுக்கற்றாழை தண்ணீரின்றிக் காய்ந்து இறந்ததை நான் கண்டது மிக அரிது. தண்ணீர் மிகுந்து அழுகி இறந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். முதன்முதலாக வளர்த்த செடியை நானே அப்படித்தான் இழந்தேன். காலையில் மற்ற செடிகளுக்கு நீர் விடும்போது அதற்கும் ஒரு குவளை ஊற்றிவந்தேன். சில வாரங்களில் அடிமடல்கள் நிறம் மங்கி, தொட்டால் நீரூறிய பஞ்சுபோல் குழைந்தன. செடி வாடுகிறது என்று எண்ணி இன்னும் ஒரு குவளை கூட்டி ஊற்றினேன். பிறகு ஒருநாள் மடல் ஒன்றைப் பிடித்து நிமிர்த்த முயன்றபோது, செடி முழுவதும் எவ்விதத் தடையுமின்றிக் கையோடு வந்துவிட்டது. வேர் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. அடித்தண்டு கறுத்துக் கூழாகி, புளித்த வாடை வீசியது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், தண்ணீர் மிகுந்த செடியும் தண்ணீர் இல்லாத செடியைப் போலவே வாடிய தோற்றம் காட்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

இந்த வழிகாட்டியில் மண், தொட்டி, வெயில், கன்று பிரித்தல் எனப் பல செய்திகள் வந்தாலும், அவை அனைத்தும் ஒரே கவலையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: இந்தச் செடியின் வேர்கள் ஈரத்தில் தொடர்ந்து நிற்கக் கூடாது.

செடி தண்ணீரை எப்படிச் சேமிக்கிறது

முற்றிய மடல் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெளிவாகத் தெரியும். வெளியே தடித்த பச்சைத் தோல். அதை ஒட்டி உட்புறத்தில், வெட்டியவுடன் மஞ்சள் நிறப் பால் கசியும் மெல்லிய அடுக்கு. நடுவே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சதை. இந்தச் சதையைத்தான் சோறு என்கிறோம். செடிக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். சோற்றில் ஏறத்தாழ 98 முதல் 99 விழுக்காடு தண்ணீர். எஞ்சிய சிறு பகுதியில் உள்ள மாவுச்சத்தை ஒத்த வழவழப்பான சேர்மங்கள் அந்த நீரை எளிதில் வெளியேற விடாமல் பிடித்து வைக்கின்றன.

சேமித்த நீரைச் செலவழிப்பதிலும் இந்தச் செடி மிகச் சிக்கனமானது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுக்கும். அப்போது நீராவியும் வெளியேறிவிடும். கற்றாழையோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் திறக்கிறது. இரவில் இழுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் வெயில் வந்ததும் துளைகளைத் திறக்காமலேயே அதைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட மலைப்பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட செடி இது. எப்போதாவது பெய்யும் மழை பாறையிடுக்குகளில் சற்று நேரமே தங்கி வடிந்துவிடும் நிலத்தில், அந்த நீரை விரைவாக உறிஞ்சிக்கொள்வதற்கேற்ப அதன் வேர்கள் ஆழம் போகாமல் மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் பரவுகின்றன. நாம் தொட்டியில் அமைத்துத் தர வேண்டியதும் அத்தகைய சூழலைத்தான்: நிறைய நீர், உடனடி வடிகால், அதன்பின் நீண்ட உலர்வு.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது

கற்றாழை என்ற பெயரில் வேறு செடிகளும் வழங்கப்படுவதால், மடலைப் பயன்படுத்தும் எண்ணம் உள்ளவர்கள் செடியைச் சரியாக அடையாளம் காண்பது இன்றியமையாதது. குறிப்பாக ஆனைக்கற்றாழை தோற்றத்தில் இதை ஒத்தது. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு இனம். அதன் மடல் நுனியில் ஊசிபோன்ற கடினமான முள் இருக்கும். ஒடித்தால் உள்ளே சோற்றுக்குப் பதிலாக வலுவான நார்கள் இழுபடும். சாறு தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகலாம். சோற்றுக்கற்றாழையின் மடல் ஓரங்களில் வெளிறிய சிறு பற்கள் இருந்தாலும், அவை கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையானவை அல்ல.

இளங்கன்றுகளைக் கண்டு குழம்ப வேண்டாம். சிறு கன்றின் மடல்கள் விசிறிபோல் இரண்டு வரிசையில் எதிரெதிராக அடுக்கப்பட்டும், வெண்ணிறப் புள்ளிகளோடும் இருக்கும். வளர வளர மடல்கள் சுற்றிலும் விரிந்து ரோஜா இதழடுக்கின் வடிவம் பெறும். புள்ளிகளும் பெரும்பாலும் மறைந்துவிடும். தாவரவியல் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. 1768ஆம் ஆண்டிலேயே தாவரவியலாளர்களில் பர்மன் இதை ஆலோ வேரா என்றும், மில்லர் ஆலோ பார்படென்சிஸ் என்றும் தனித்தனியே பெயரிட்டார்கள். முன்னதே இன்று ஏற்கப்பட்ட பெயர் என்றாலும், அழகுப்பொருள்களின் உறைகளில் பின்னதும் இன்றுவரை அச்சிடப்படுகிறது. இரண்டும் ஒரே செடியையே குறிக்கின்றன.

வாங்கும் செடியின் அடித்தண்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருக்க வேண்டும். மடல்கள் எவ்வளவு பச்சையாக இருந்தாலும், அடி குழைந்த செடியை வாங்க வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

பூச்சு இல்லாத சுட்ட மண்தொட்டியே என் தேர்வு. அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாவதால் மண் விரைவில் உலர்கிறது. மேலும், மடல்களில் நீர் நிறைந்த கற்றாழை தலைக்கனம் மிகுந்தது என்பதால், எடை குறைந்த பிளாஸ்டிக் தொட்டி காற்றில் சாய்ந்துவிடக்கூடும். தொட்டியின் வாய் வேர்த்திரளைவிட இரண்டு விரற்கடை அகலமாக இருந்தால் போதும். செடிக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய தொட்டியில் வைப்பது தவறு. வேர் எட்டாத மண்ணில் தங்கும் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லாமல் அது வாரக்கணக்கில் உலராது கிடக்கும். அடியில் துளை இல்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தச் செடிக்கு ஆகாது.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் கூழாங்கற்களை ஒரு படுகையாகப் பரப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதுதான் என்றாலும், விளைவு எதிர்மாறானது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுள்ள கற்படுகைக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலிருக்கும் மண் முழுவதும் நனைந்து நிரம்பிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். எனவே ஈரம் தேங்கும் அடுக்கு தொட்டியின் அடியிலிருந்து மேலேறி, வேர்களுக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. துளையின்மேல் ஓர் ஓட்டுச் சில்லையோ வலைத்துண்டையோ வைத்து மண் கொட்டாமல் தடுத்தால் போதும். வடிகாலைத் தர வேண்டியது மண்கலவையே.

அந்தக் கலவையில் பாதிக்கு மேல் பரும்படியான பொருள்கள் இருக்க வேண்டும். நான் ஒரு பங்கு தோட்டமண், ஒரு பங்கு சலித்தெடுத்த பருமணல், ஒரு பங்கு பட்டாணி அளவில் உடைத்த செங்கல் துண்டுகள் என எடுத்து, அவற்றோடு அரைப்பங்குக்கும் குறைவாக நன்கு மக்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ கலக்கிறேன். செங்கல்லுக்குப் பதிலாகப் பெர்லைட் என்னும் எடைகுறைந்த வெண்ணிறத் துணுக்குகளோ எரிமலைக்கல் துண்டுகளோ பயன்படுத்தலாம். மணல் மாவுபோல் நுண்ணியதாக இருந்தால் இடைவெளிகளை அடைத்து மண்ணை மேலும் இறுக்கிவிடும் என்பதால், கொசுவலையில் சலித்து, மேலே தங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கக்கூடியது. இந்தச் செடிக்கு அதை நான் சேர்ப்பதில்லை. கலவையை நனைத்துக் கைப்பிடியாக இறுக்கித் திறந்தால், அது உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். நின்றால் இன்னும் பருமணல் தேவை என்று பொருள்.

நடும்போது, மடல்கள் தொடங்கும் இடம் மண்மட்டத்துக்கு மேலே இருக்குமாறு வேர்களை மட்டும் மூடுங்கள். அடிமடல்கள் மண்ணுக்குள் புதைந்தால் அங்கிருந்தே அழுகல் தொடங்கும். செடியை எடுத்து நடும்போது வேர்களில் கண்ணுக்குத் தெரியாத காயங்கள் ஏற்பட்டிருக்கும். அவை ஆறுவதற்காக நட்டபின் ஐந்து முதல் ஏழு நாள்களுக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. புதுச்செடியை நட்ட கையோடு நீர் வார்க்காமல் இருப்பது மனத்துக்கு ஒப்பாத செயலாகத் தோன்றும், ஆயினும் பொறுத்திருங்கள்.

தண்ணீர்

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. தொட்டியின் அளவு, மண், வெயில், காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றைப் பொறுத்து, ஒரே செடிக்கு வெயில் காலத்தில் ஒரு வாரமும் குளிரும் மழையும் உள்ள காலத்தில் ஒரு மாதமும் இடைவெளி தேவைப்படலாம். ஆகவே நாள்காட்டியைப் பார்க்காமல் மண்ணையும் மடலையும் பாருங்கள்.

மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, சில நிமிடங்கள் கழித்து உருவிப் பார்ப்பது நம்பகமான சோதனை. குச்சியின் நுனி கறுத்தோ மண் ஒட்டியோ வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. உலர்ந்து சுத்தமாக வந்தால் நீர் விடலாம். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மேலே தூள் பறக்கும் நிலையிலும் தொட்டியின் அடிப்பகுதி நனைந்திருப்பதுண்டு. நீர் விட்டவுடன் ஒருமுறையும் நன்கு உலர்ந்தபின் ஒருமுறையும் தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால், நாளடைவில் எடையை வைத்தே நிலைமையை அறிந்துகொள்ளலாம்.

மடலும் பேசும். நீர் நிறைந்த மடல் உட்பக்கம் சற்றே குழிந்து, தடித்து, விரைப்பாக நிற்கும். தாகம் எடுத்த மடலின் இரு ஓரங்களும் உள்நோக்கி வளைந்து, நடுவே வாய்க்கால்போல் பள்ளம் விழும். தொட்டால் மெலிந்திருக்குமே தவிரக் குழையாது. நீர் மிகுந்த செடியின் மடலோ மஞ்சளாகவோ கண்ணாடிபோல் மங்கலாகவோ மாறி, அடிப்பகுதியிலிருந்து குழையும். மெலிவு தாகத்தின் அடையாளம், குழைவு அழுகலின் அடையாளம் என்ற இந்த வேறுபாட்டை விரல்கள் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டில் எது என்று தெளிவில்லாதபோது தண்ணீரை ஒத்திப்போடுங்கள். தாகத்தில் மெலிந்த செடி நீர் கிடைத்த சில நாள்களில் தேறிவிடும்; அழுகிய வேர் திரும்பாது.

நீர் விடும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அடித்துளை வழியாக வழியும் வரை மண் முழுவதையும் நனைத்து, தட்டில் தேங்கிய நீரைக் கால்மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். அடிக்கடி சிறிது சிறிதாகத் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் ஈரமாக்கி, வேர்களை முறையாக நனையவும் விடாது, உலரவும் விடாது. மடல்களின் நடுக்குருத்தில் நீர் தேங்காதவாறு மண்ணிலேயே ஊற்றுவது நல்லது. தொடர்மழைக் காலத்தில் தொட்டியைக் கூரையின்கீழ் நகர்த்திவிடுங்கள்.

வெயிலும் குளிரும்

நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நல்ல வெளிச்சம் இந்தச் செடிக்கு வேண்டும். போதாதபோது மடல்கள் நீண்டு, மெலிந்து, விரைப்பிழந்து பக்கவாட்டில் சரியும். அதேநேரத்தில், நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென உச்சிவெயிலில் வைத்தால் மடல்கள் செம்பழுப்பாக மாறும். இது நோயன்று, கடும் ஒளிக்கு எதிராகச் செடி தோற்றுவிக்கும் நிறமே. காலைவெயில் மட்டும் படும் இடத்தில் தொடங்கி, இரண்டு வாரங்களில் படிப்படியாக நேரத்தைக் கூட்டினால் செடி பழகிவிடும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். அப்போது தண்ணீரையும் பெரும்பாலும் நிறுத்திவிட வேண்டும். உறைபனி விழும் இடங்களில் மடலுக்குள் இருக்கும் நீரே உறைந்து உயிரணுக்களைக் கிழித்துவிடும் என்பதால், அங்குள்ளவர்கள் குளிர்காலத்தில் செடியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: வளரும் பருவத்தில் ஓரிரு முறை, உர உறையில் குறிப்பிட்ட அளவில் பாதியாக நீர்த்த உரம். மிகுந்தால் மண்ணில் உப்பு படிந்து மடல் நுனிகள் கருகும்.

கன்று பிரித்தல்

நன்கு வேரூன்றிய செடி தன் அடியிலிருந்து பக்கக்கன்றுகளை விடும். புதுச்செடி பெறுவதற்கு இவையே நம்பத்தக்க வழி. மடல் ஒன்றை வெட்டி மண்ணில் ஊன்றினால் வேர்விடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. தனி மடலில் புதிய குருத்தைத் தோற்றுவிக்கும் மொட்டு இல்லை. அதில் நிறைந்துள்ள நீர் காரணமாக அது கிட்டத்தட்ட எப்போதும் அழுகித்தான் போகும்.

கன்று 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமும் நான்கைந்து மடல்களும் பெறும்வரை தாயோடு விட்டுவையுங்கள். பிறகு, மண் உலர்ந்திருக்கும் ஒரு நாளில் தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு வெளியே எடுத்து, கன்று தாயுடன் இணையும் இடத்தைக் கையால் மண் உதிர்த்துத் தேடுங்கள். தடித்த தொப்புள்கொடிபோல் வெண்ணிற இணைப்பு ஒன்று தென்படும். கன்றுக்குச் சொந்த வேர்கள் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சுத்தமான கத்தியால் அந்த இணைப்பை வெட்டுங்கள். வெட்டிய கன்றை நிழலில் இரண்டு மூன்று நாள்கள் சும்மா கிடத்தினால் வெட்டுவாயில் தோல்போல் உலர்ந்த படலம் உருவாகும். அதன்பின் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் நீர் விடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போதே இந்த வேலையையும் சேர்த்துச் செய்தால், தாய்ச்செடியின் வேர்களை அடிக்கடி கலைக்க நேராது.

அழுகலும் பூச்சிகளும்

அழுகல் தொடங்கிவிட்டது என்று ஐயம் எழுந்தால் காத்திருக்காமல் செடியை வெளியே எடுத்துவிடுங்கள். நலமான வேர் வெளிறிய நிறத்தில், இழுத்தால் அறாமல் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலால் உருவினால் மேலுறை மட்டும் கழன்றுவரும். கெட்ட வேர்களையும் குழைந்த மடல்களையும் நீக்கி, அடித்தண்டை மெல்லிய வில்லைகளாகக் கீழிருந்து மேல்நோக்கிச் சீவிக்கொண்டே வாருங்கள். வெட்டிய முகத்தில் ஒரு புள்ளிகூடப் பழுப்பு இல்லாமல் தூய வெளிர்நிறம் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தியைக் கிருமிநீக்கும் சாராயத்தால் (ஸ்பிரிட்) துடைக்க வேண்டும். மீதமுள்ள பகுதியை ஒரு வாரம்வரை நிழலில் உலரவைத்து, உலர்ந்த புதுக்கலவையில் குச்சிகளின் துணையோடு நிறுத்துங்கள். வேரே இல்லாத தண்டுப்பகுதிகூடச் சில வாரங்களில் புதுவேர் விட்டு நிலைத்ததைப் பார்த்திருக்கிறேன். பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

மாவுப்பூச்சிகள் மடல்களின் இடுக்குகளில் பஞ்சுத் துணுக்குகள்போல் ஒட்டியிருக்கும்; எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கினால் அங்கே தேடிப் பாருங்கள். சாராயத்தில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு நீக்கலாம். பரவியிருந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். மடலின் அடியிலோ பூந்தண்டிலோ கட்டிகட்டியாக முரடான வளர்ச்சி தோன்றினால், அது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனின் வேலையாக இருக்கலாம். தாக்கப்பட்ட பகுதியை ஆழமாக வெட்டி எரித்துவிட வேண்டும். பரவலாக இருந்தால் செடியையே அப்புறப்படுத்துவதுதான் மற்ற செடிகளுக்குப் பாதுகாப்பு.

மடல் எடுத்தல்

செடி மூன்று ஆண்டு வளர்ச்சி பெற்ற பிறகு மடல் எடுப்பது முறை. முற்றிய வெளிமடலையே, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு என்ற அளவில், தண்டை ஒட்டி வெட்டுங்கள். இளமடலை எடுத்தால் குருத்து பலவீனப்படும். நுனியை மட்டும் துண்டித்தால் மீதிமடல் உலர்ந்து அழகற்று நிற்கும்.

வெட்டிய மடலை வெட்டுவாய் கீழே இருக்குமாறு ஒரு கிண்ணத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். மஞ்சள் நிறப் பால் மெல்ல வடியும். இதில் ஆலோயின் என்னும் கசப்புப்பொருள் இருக்கிறது. உடலுக்குள் சென்றால் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இந்தப் பாலைக் கொண்டு தயாரித்த பேதிமருந்துகளைப் பாதுகாப்பானவை என்று ஏற்க இயலாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002இல் அறிவித்து, மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்பதை நிறுத்தியது. கருவுற்றவர்கள் இதை உட்கொள்ளவே கூடாது. நாய், பூனைகளுக்கும் நஞ்சாகும் என்பதால் அவை மெல்ல முடியாத உயரத்தில் தொட்டியை வையுங்கள்.

பால் வடிந்தபின் மடலைக் கழுவி, இரு ஓரப் பற்களையும் நீளவாக்கில் சீவி, தட்டையான பக்கத்தைப் பலகையில் அழுத்தி, மேல்தோலைக் கத்தியைப் படுக்கையாக ஓட்டி உரித்தெடுங்கள். சோற்றில் மஞ்சள் கறை எங்காவது தங்கியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி நீக்கி, மீண்டும் ஓடும் நீரில் அலசுங்கள். தோலில் தடவுவதாக இருந்தால் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது அவசியம். சிலருக்கு இது ஒவ்வாமை தரும். லேசான வெயில் கன்றலுக்கு இது குளிர்ச்சி தரும். ஆழமான காயத்திலும் அறுவைப் புண்ணிலும் வைக்கக் கூடாது. மீந்த சோற்றை மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். செடியில் மடல் எடுத்த இடத்தின் வெட்டுக்காயம் உலர்ந்து மூடும்வரை, அதாவது குறைந்தது மூன்று நாள்களுக்கு, தொட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.